விரல் நின்ற வரிக்கு அடுத்த வரி

கர்த்தரை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளுக்கு எஸ்தர் எழுதுவது. நான் ஏற்கெனவே ஒரு சாட்சி சொன்னவள். உங்களில் சிலர் அதைக் கேட்டிருப்பீர்கள். பட்டாசு விபத்திலிருந்து தேவன் என்னைத் தப்புவித்தார் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது சொன்னேன். நீங்களும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சியில் பாதிதான் இருந்தது. சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இரண்டு வருஷம் என்னைச் சாப்பிடவிடவில்லை, உட்காரவிடவில்லை, கிறுக்கியைப் போல வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடவைத்தது. இப்போது முழுசாகச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் அச்சங்குளத்துக்குப் பக்கம். ஞானஸ்நானம் எடுத்தபோது எனக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு நான் இன்னும் ஈஸ்வரிதான். யாராவது எஸ்தர் என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவேன். என் வீட்டுக்காரர் மாரியப்பன் சிவகாசியில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்க்கிறார். அவர் சபைக்கு வருவதில்லை. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோவிலுக்கு நடந்தே போகிறவர். நான் கோவிலுக்குப் போகாதது பற்றி அவரும் ஒன்றும் சொன்னதில்லை, அவர் போவது பற்றி நானும் சண்டை போட்டதில்லை.

விசுவாசத்துக்கு வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் காரியத்தைத் தொடங்கலாம், வராவிட்டால் விட்டுவிட வேண்டும். என் கல்யாணமே அப்படி வந்த வெள்ளைப் பூவால் நடந்ததுதான். சபைக்கு வந்தபின் சாமி மாறியது, என் பழக்கம் மாறவில்லை. காலையில் குளித்து முழுகி, கண்ணை மூடி, வேதாகமத்தை எங்கேயாவது திறந்து விரலை வைப்பேன். விரல் நின்ற வரிதான் அன்றைக்கு எனக்கு வந்த உத்தரவு. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன். ஏழாவது வரை படித்தவள், ஒரு வரிக்கு மேல் வாசிக்கச் சோம்பலும்தான். அதைத் தியானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போகும் வண்டியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் முத்துலட்சுமி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தகப்பன் இல்லாத பிள்ளை. அவளுடைய அம்மா வேலம்மாளுக்கு அவள் ஒருத்திதான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஒரு நாள் அவளிடம் என் விரல் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எங்க ஆத்தா பூவைக் கட்டிப் பாக்கும், நீங்க புஸ்தகத்தைக் கட்டிப் பாக்கீக. ரெண்டும் ஒண்ணுதானக்கா?"

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அன்றிலிருந்து வேதாகமத்தைப் பற்றி அவளிடம் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எவ்வளவு கொடியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

2004ஆம் வருஷம், தீபாவளி சீசன். நாங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் லீவு கேட்டால் முறைப்பார்கள். நான் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து நிரப்பும் அறையில் வேலை பார்த்தேன். முத்து தூரத்து ஷெட்டில் டப்பா ஒட்டினாள். மருந்து அறையில் ஆள் குறைந்தால் டப்பா ஷெட்டிலிருந்து ஒருத்தியைக் கூட்டி வந்து உட்காரவைப்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அன்று காலை விரல் வைத்தேன். எரேமியா புத்தகத்தில் போய் நின்றது. வயலுக்குப் புறப்படாதீர்கள், வழியில் நடக்காதீர்கள், சுற்றிலும் பயம் இருக்கிறது என்ற பொருளில் அந்த வரி இருந்தது. இன்றைக்கு எங்கேயும் போகக் கூடாது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முத்து வாசலில் வந்து நின்றாள். தினமும் அவள்தான் வந்து கூப்பிடுவாள்.

"யக்கா, வண்டி வந்திருச்சு. வாரீகளா?"

"நான் வரலடி. காய்ச்சலா இருக்கு. போர்மேன்கிட்டச் சொல்லிரு."

அவள் உள்ளே வந்து என் நெற்றியைத் தொடக் கையை நீட்டினாள். தொட்டால் சூடு இல்லை என்று தெரிந்துவிடும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சரிக்கா, படுங்க. ரெண்டு நாளாவே ஒரு மாதிரிதான் இருக்கீக," என்று சொல்லிவிட்டு ஓடினாள். வண்டி ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.

நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு எனக்குப் பயமாக இருக்கிறது, நீயும் போகாதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சிரிப்பாளே என்று நினைத்தேன். புஸ்தகத்தைக் கட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பாளே என்று நினைத்தேன். அதோடு, அந்த வசனம் எனக்கு வந்தது, எனக்கு மட்டும்தான் என்றும் நினைத்தேன். இதுதான் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது.

பத்து மணி வாக்கில் சத்தம் கேட்டது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் எதென்று யாரும் சொல்லவேண்டியதில்லை. தெருவே வெளியில் வந்து புகை எந்தத் திசையில் என்று பார்த்தது. என் மனசில் முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? நான் அங்கே இல்லை. ஸ்தோத்திரம், நான் அங்கே இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் பெயர்கள் வந்தன. மருந்து அறையில், நான் உட்காருகிற இடத்தில், முத்துலட்சுமி இருந்திருக்கிறாள்.

அவளைக் கொண்டுவந்தபோது நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். விசுவாசி ஒப்பாரி வைக்கக் கூடாது என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் கிட்டவே போகவில்லை. உண்மையில் வேலம்மாளின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் நான் சபையில் சாட்சி சொன்னது. பாஸ்டர் கேட்டார், நானும் எழுந்து நின்றேன். விரல் வைத்ததைச் சொன்னேன், வசனம் வந்ததைச் சொன்னேன், கர்த்தர் என்னைத் தடுத்து நிறுத்தியதைச் சொன்னேன். என் இடத்தில் வேறொரு சகோதரி இருந்தாள், அவள் மரித்துப்போனாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதன்பிறகு சபையில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்து விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சகோதரிகளிடம் இந்த எழுத்து வழியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

சாட்சி சொன்ன மறுநாள் காலை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"யக்கா, வண்டி வந்திருச்சு. வாரீகளா?"

இந்தா வாரேன் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. களைந்த அரிசி அப்படியே கீழே கொட்டிவிட்டது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு ஆடு மட்டும் படியில் நின்றது.

அதற்கடுத்த நாளும் கேட்டது. அதற்கும் அடுத்த நாளும். காலையில் ஒரே ஒரு தடவைதான், அவள் எப்போதும் கூப்பிடுகிற நேரத்தில். நீங்கள் பிரமை என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தேன், ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அவள் எப்போதும் போலத்தான் கூப்பிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

வேலையை விட்டேன். விரல் வைக்கும் பழக்கம் மட்டும் முற்றிப்போனது. ரேஷன் கடைக்குப் போகலாமா, தண்ணிக்குப் போகலாமா, தலைக்குக் குளிக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் விரல் வைத்தேன். கண்ட கண்ட இடத்தில் போய் நின்றது. சில நாள் சாபமாக வந்தது, சில நாள் ஊர்களின் பெயர்களாக வந்தது. ஒரு நாள் ஒன்றும் பிடிபடாமல் மாலை வரை வாசற்படியைத் தாண்டாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தப் புத்தகத்தைத் தொடவே பயம் வந்துவிட்டது. அது எப்போது என்னைப் பார்த்து, அவள் எங்கே என்று கேட்குமோ என்று பயந்தேன். ஒரு பழைய சேலையில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் அடியில் வைத்துப் பூட்டினேன்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார், எண்ணெய் பூசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நோயைச் சொல்லாதவளுக்கு அவர் என்ன மருந்து கொடுப்பார்? நான் தனியே ஒரே ஒரு ஜெபம்தான் செய்தேன். ஆண்டவரே, அந்தக் குரலை நிறுத்தும். காலையும் மாலையும் அதையே கேட்டேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். மறுநாள் காலை குரல் கேட்கும். சாத்தூர் ரயில் பாதைப் பக்கமாக இரண்டு தடவை நடந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

இப்படி எட்டு மாசம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் பெட்டியில் எதையோ தேடும்போது சேலை மூட்டையை எடுத்துப் பிரித்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"ஏ புள்ள, இதைத்தான கட்டிக்கிட்டுக் கிடந்த? இப்ப என்ன, பாம்பு மாதிரிப் பயப்படுத?"

"நீங்க திறக்காதீக. அது ஏதாவது சொல்லும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் விரல் வைப்பதை அவர் பல தடவை பார்த்திருக்கிறார், ஒன்றும் கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"நான் நாள் பூரா என்ன வேலை பாக்கேன்? பாரம் மடிச்சு அடுக்குதேன். பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒரே ஒரு பாரம் முன்ன பின்ன மாறிப்போச்சுன்னா மொத்தப் புஸ்தகத்தையும் பிரிச்சுப் போட்டுருவாக. வரிசை தப்புனா அது புஸ்தகமே இல்ல, வெறும் காயிதம். நீ என்னடான்னா நடுவுல விரலை விட்டு ஒரு வரியைப் பிச்சு எடுக்க. எழுதுனவன் இதைப் பாத்தா வையமாட்டானா?"

சொன்னது ஒரு விசுவாசி அல்ல, இருக்கன்குடிக்கு நடந்து போகிற மனுஷன். நான் தொட மாட்டேன் என்றேன். நீ தொட வேண்டாம், நான் வாசிக்கிறேன், நீ கேளு என்றார். உன் சாமிக்காக இல்லை, உனக்காக என்றும் சொன்னார்.

மறுநாள் காலை ஆதியாகமம் முதல் அதிகாரத்தை வாசித்தார். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், சரியாக அந்த நேரத்துக்கு. எனக்குக் குரல் கேட்கும் நேரம் அது என்று அவருக்குத் தெரியும், ஏன் கேட்கிறது என்றுதான் தெரியாது. செய்தித்தாள் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார். அன்றும் வாசலில் முத்து கூப்பிட்டாள். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். முதல் தடவையாக அந்தக் குரல் கேட்டபோது என்னோடு ஒரு ஆள் இருந்தது.

நாலாம் நாள் காயீன் கதை வந்தது. உன் சகோதரன் எங்கே என்று தேவன் கேட்கிறார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். மாரியப்பன் அதிகாரத்தை முடித்துவிட்டு, கடையில் வெட்டிப் போட்ட காகிதத் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு வைத்து மூடினார். ஏன் எழுந்து போனாய் என்று கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் மத்தியானம் நானே ஒரு அதிகாரம் வாசிக்கத் தொடங்கினேன். அவர் விட்ட இடத்திலிருந்து, எழுத்துக்கூட்டி, மெதுவாக. வாசித்து முடித்ததும் மூடிவிட்டு, கைவேலை பார்த்துக்கொண்டே அதையே நினைப்பேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அதற்கு முன் இத்தனை வருஷம் நான் அந்தப் புத்தகத்தை வாசித்ததே இல்லை. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. தம்பியைக் குழியில் போட்ட அண்ணன்மார்கள் பல வருஷம் கழித்தும் அதையே நினைத்து நடுங்குகிறார்கள். அதுவரை அப்படி நடுங்கினவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். லேவியராகமத்தில் எனக்குத் தூக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நாளாகமத்தில் பெயர்களாகவே வந்தபோது மாரியப்பன், இது வோட்டர் லிஸ்டா என்று கேட்டார். ஆனாலும் ஒன்றையும் தாண்டவில்லை. தாண்டினால் வரிசை தப்பும் என்பார்.

குரல் நிற்கவில்லை. தினமும் கேட்டது. ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்றுதான் நினைத்தேன். சங்கீதம் எட்டு மாசம் கழித்து வந்ததோ ஒன்பது மாசம் கழித்து வந்ததோ, சரியாக ஞாபகம் இல்லை. அதில் அழுகிறவர்கள் எவ்வளவு பேர். தேவனைப் பார்த்தே, எம்புட்டு நாளைக்கு என்று கேட்கிறார்கள். அவரும் அதை எழுதவிட்டிருக்கிறார். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகி, 2006இல், ஏசாயா முடிந்து எரேமியா வந்தது. அந்தப் பக்கம் வரும் என்று தெரியும். எந்த அதிகாரம் என்று தெரியாது.

ஆறாம் அதிகாரம். மாரியப்பன் பக்கத்தைத் திருப்பிவிட்டு நிறுத்தினார்.

"இதென்ன கறை? மருந்துக் கையோட தொட்டியா?"

மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறினால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. வெள்ளி நிறத்தில் என் விரல் ரேகை அங்கே இருந்தது. அவர் வாசித்தார். வயலுக்குப் புறப்படாதீர்கள் என்ற அந்த வரியை, மற்ற எல்லா வரிகளையும் போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனார். சாம்பலில் புரண்டு, ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் துக்கம் கொண்டாடுவது போல மனம் கசந்து புலம்பு என்று அந்த வரி சொன்னது.

"நில்லுங்க. அதைத் திருப்பி வாசிங்க."

திருப்பி வாசித்தார். ஒரே பிள்ளை. என் விரலுக்கு ஒரு நூல் கீழே அது இருந்திருக்கிறது. அன்றைக்கு என் விரல் அதைத் தொட்டுக்கொண்டேகூட இருந்திருக்கும். நான் என் உயிருக்கு வேண்டிய வரியைப் பிய்த்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டேன். புலம்பச் சொன்ன இடத்தில் சாட்சி சொன்னேன்.

அன்றைக்குத் தேவன் எனக்கு உத்தரவு கொடுத்தாரா, இல்லை என் விரல் தற்செயலாகப் போய் நின்றதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முழு அதிகாரத்தையும் வாசித்தால் அது அந்தக் காலத்து எருசலேமுக்குச் சொன்ன வார்த்தை, மனம் திரும்பாத ஒரு ஊருக்குச் சொன்னது. ஆனால் அந்தக் காலையில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. குரலை நிறுத்தும் என்று நான் கேட்டேன். தேவனோ அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

மாரியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதத் துண்டை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"அப்ப அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் இல்ல."

"இல்ல."

"அந்தப் புள்ளையோட ஆத்தாகிட்டல்ல நீ இதைச் சொல்லணும்," என்றார். அவ்வளவுதான். அன்று வேலைக்குப் பிந்திப் போனார்.

அன்றைக்கே போனேன். அன்று போகாவிட்டால் பிறகு போகவே மாட்டேன் என்று தெரியும். வேலம்மா சின்னம்மா வாசலில் மிளகாய் வத்தல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மகள் போனபின் பட்டாசு வேலைக்கு அவர் போவதில்லை. விருதுநகர்க் கடையிலிருந்து வரும் வத்தலை வீட்டில் வைத்துக் கிள்ளிக் கொடுக்கிறார். என்னைப் பார்த்தார், உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை. நானே தரையில் உட்கார்ந்து சொன்னேன். காய்ச்சல் இல்லை என்றேன். விரல் வைத்ததைச் சொன்னேன். அவள் நெற்றியைத் தொட வந்ததையும் நான் முகத்தைத் திருப்பியதையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"மைக்குல பேசுனியே, கேட்டேன்," என்றார் கடைசியில். "இங்கன வரைக்கும் கேட்டுச்சு. வேறொரு சகோதரின்னு சொன்ன. எம்மகளுக்குப் பேரு இல்லையா?"

அவர் இன்னொரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"உன் சாமி உங்கிட்டச் சொல்லுச்சுல்ல. எம்மககிட்ட ஏன் சொல்லல? ரெண்டு வருசமா இதை யார்கிட்டக் கேக்கன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

"தெரியல சின்னம்மா. எங்கிட்டச் சொன்னதா நான் நெனச்சேன். நெனச்சவ அவகிட்டச் சொல்லியிருக்கணும். நான்தான் சொல்லல."

அப்போதுதான் அவர் கை நின்றது.

"அன்னைக்கு வண்டி ஏறுறதுக்கு முன்னாடி ஓடி வந்தா. ஆத்தா, ஈஸ்வரியக்காவுக்குக் காச்சல், தூதுவளை பறிச்சு வையி, சாயங்காலம் வந்து ரசம் வச்சுக் கொண்டுபோய்க் குடுக்கணும்னா. நானும் பறிச்சு வச்சேன். வேலியில அம்புட்டு முள்ளு, கையெல்லாம் கிழிஞ்சுபோச்சு. அது முறத்துலயே கிடந்து காஞ்சுச்சு. உனக்குக் காச்சல் நல்லாச்சான்னுகூட ஒரு நாள் நெனச்சேன் தாயி."

ஐயோ, அதற்குப் பிறகு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன். ஏ முத்து என்று கத்தினேன். விசுவாசி ஒப்பாரி வைக்கக் கூடாது என்பதெல்லாம் எங்கே போனதோ. சின்னம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார், அடிக்கத்தான் இழுக்கிறார் என்று நினைத்தேன். அவரும் நானும் கட்டிக்கொண்டு, மிளகாய் நெடியில் கண் எரிய எரிய, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கும்வரை அழுதோம். இரண்டு வருஷம் முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, நாளைக்கும் வா என்றார்.

மறுநாள் காலை குரல் கேட்டதா என்று கேட்பீர்கள். கேட்டது. வாரேன் முத்து என்று பதில் சொல்லிவிட்டு, வாசலைத் திறந்து அவளுடைய அம்மா வீட்டுக்கு நடந்தேன். அடுத்த நாளும் அப்படியே. பிறகு சில நாள் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் வத்தல் கிள்ளிக்கொண்டிருக்கும்போது, வெகு நாளாகக் கேட்கவில்லையே என்று நினைத்தேன். அப்போது எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது, அவளை இன்னொரு தடவை வழியனுப்பியது போல இருந்தது. ஆனாலும் அன்று ராச்சாப்பாடு எனக்கு இறங்கியது. தேவன் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்ட மாதிரி இல்லை, எனக்கு எது வேண்டுமோ அந்த மாதிரி.

இப்போது நானும் மாரியப்பனோடு பைண்டிங் கடைக்குப் போய்ப் பாரம் மடிக்கிறேன். விரல் வைப்பதில்லை. அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, ஆனால் ஒரு நாளும் வாசிப்பதை விட்டதில்லை. நேற்று வாசித்ததைப் பற்றி இன்று சாப்பிடும்போது சண்டை போடுகிற அளவுக்கு வந்திருக்கிறார். அவருக்காக நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது என்னைப் போல ஒரு வரியைப் பிய்த்து எடுத்து அதன்மேல் வாழ்ந்துகொண்டிருந்தால், தயவு செய்து முதல் பக்கத்துக்குப் போங்கள். தினமும் கொஞ்சம் போதும். புரியாவிட்டாலும் வாசியுங்கள், வாசித்ததை மனசில் போட்டுப் புரட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த வரிக்கு அடுத்ததாக உங்களுக்குப் பிடிக்காத வரி வரும். அதையும் வாசியுங்கள். அதில்தான் தேவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நம்புங்கள், உங்களுக்காகவும் காத்திருக்கிறார்.

வேலம்மா சின்னம்மா சபைக்கு வருவதில்லை. நான் கூப்பிடவும் இல்லை. ஆனால் நான் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவர் கேட்டார்.

"அந்தப் புஸ்தகத்துல எவளாச்சும் என்னைய மாதிரிப் புள்ளைய வாரிக் குடுத்தவ இருக்காளா?"

இருக்கிறார்கள் என்றேன். நான் வாசித்துக்கொண்டிருந்த எரேமியாவையே தினமும் அவர் வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். பாதிக்கு மேல் ராகேல் வந்தாள். பிள்ளைகளுக்காக அழுகிறாள், யார் தேற்றினாலும் தேற மாட்டேன் என்கிறாள். சின்னம்மா வத்தலைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார். அடுத்த வரியையும் வாசித்தேன். அழுகையை நிறுத்து, நம்பிக்கை உண்டு என்று தேவன் சொல்கிறார்.

"நிப்பாட்டச் சொல்றதுக்கு முன்னாடி, அவ அழுததைக் காது குடுத்துக் கேட்டாரா?"

"கேட்டாரு சின்னம்மா. அழுத சத்தம் கேட்டுச்சுன்னுதான் முதல்லயே எழுதியிருக்கு."

"அப்பச் சரி. வாசி."

எரேமியா முடிந்த அன்று, நாளைக்கு என்ன என்று கேட்டார். அடுத்த புத்தகத்துக்குப் புலம்பல் என்று பெயர் என்றேன். அவர் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"அதுக்குன்னு தனியா ஒரு புஸ்தகமே வச்சிருக்காகளா?"

ஆமாம் என்றேன். வேலம்மா சின்னம்மா வத்தல் முறத்தைத் தள்ளி வைத்து, முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துவிட்டு, நாளைக்கு எதற்கு, இப்பவே வாசி என்றார்.